தருமபுரி, கிருஷ்ணகிரியின் பழைய ரயில் தடங்களும் காட்டுப் பாதைகளும்: நடக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

ஒகேனக்கல்லுக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தண்டவாளம் இல்லாத ரயில் கரைகளையும் ஆள் நடமாட்டம் குறைந்த காட்டு வழிகளையும் பற்றிக் கேட்பவர்களுக்குத்தான் சரியான பதில் கிடைப்பதில்லை. இந்த இரண்டு மாவட்டங்களில் அப்படி நடக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதியது இது.

இந்தப் பக்கத்தில் கைவிடப்பட்ட ரயில் பாதை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஜோலார்பேட்டை–சேலம் பெரிய பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய ரயில் பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. மற்றொன்று அதே பெரிய பாதையின் திருப்பத்தூரிலிருந்து பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வந்தது. அது 1905இல் திறக்கப்பட்டது. இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீட்டர். இன்று கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை என்று வருந்துகிறவர்களில் பலருக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ரயில் வந்து நின்றது தெரியாது.

இவ்வளவு சிறிய ரயிலை எதற்காகப் போட்டார்கள்?

பஞ்சத்துக்காக. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. வேறு ஊரில் தானியம் இருந்தும் இங்கே கொண்டுவர முடியவில்லை. அன்றைக்கு மாட்டு வண்டிதான் போக்குவரத்து. பஞ்சத்தில் புல்லும் தண்ணீரும் இல்லாமல் முதலில் விழுந்தவை அந்த மாடுகள். அதன் பின் அமைந்த பஞ்ச ஆணையம், வறண்ட மாவட்டங்களுக்குள் ரயில் பாதை போட வேண்டும் என்று 1880இல் வலியுறுத்தியது. லாபத்தை எதிர்பார்த்துப் போட்டவை அல்ல இவை. செலவு குறையட்டும் என்றுதான் குறுகிய பாதையாகப் போட்டார்கள்.

அந்தக் கரைகளில் நடக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தக் கரையின் ஒவ்வொரு கூடை மண்ணும் பசியின் நினைவோடு கொட்டப்பட்டது.

எப்போது நின்றது?

1941. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. இன்று தருமபுரி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் பாதை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் போடப்பட்ட வேறு பாதை. முதலில் மீட்டர்கேஜாக இருந்து பின்னர் அகலப்பாதையானது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். தருமபுரிக்கு வடக்கே நடக்கும்போது, நீங்கள் நிற்கும் கரை 1913ஆம் ஆண்டுத் தடமா, இன்றைய பாதைக்காக மண் எடுத்த மேடா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய ரயில் காட்டுக்குள் போனதா?

அடர்ந்த மலைக்காட்டுக்குள் போகவில்லை. புன்செய் நிலங்கள், கரடுகள், முள்காட்டு ஓரங்கள் வழியாகத்தான் போனது. ஆனால் தருமபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்திலும் ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சின்ன இன்ஜின் அந்த ஏற்றத்தை நேராக ஏறாது. அதனால் ராயக்கோட்டைப் பக்கத்தில் தடம் வளைந்து வளைந்துதான் மேலேறியிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். கோட்டை மலையைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பழைய பொறியாளர் எந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்தபடி நடக்கலாம்.

வயலுக்கு நடுவே ஒரு மேடு தெரிகிறது. அது ரயில் கரையா, ஏரிக்கரையா, வாய்க்கால் கரையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். நம் மாவட்டங்களில் ஏரிகளும் குட்டைகளும் நிறைய. அதனால் கண்ணில் படுகிற மேடுகளில் பெரும்பாலானவை நீர்க்கரைகள்.

ஏரிக்கரை வில்போல வளைந்திருக்கும். நீர் நிற்கும் பக்கத்தில் மட்டும் கல் பாவியிருப்பார்கள். எங்காவது மதகும், உபரி நீர் வழியும் கலங்கலும் இருக்கும். வாய்க்கால் என்றால் கரையை ஒட்டியே நீண்ட பள்ளம் ஓடும், அந்தப் பள்ளம் ஒரே திசையில் சரியும். ரயில் கரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருக்கும். உச்சி தட்டையாக, மூன்று நான்கு மீட்டர் அகலத்தில் இருக்கும். கரை கட்ட மண் எடுத்த ஆழமில்லாத குழிகள் இரு பக்கமும் விட்டுவிட்டுக் காணப்படும். மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீர் தேங்கி வரிசையாகத் தெரியும். நம்பகமான அடையாளங்களில் இதை முதலாவதாகச் சொல்வேன்.

அடுத்தது சரிவு. பழைய வண்டித்தடம் மேட்டைக் கண்டால் ஏறும், பள்ளத்தைக் கண்டால் இறங்கும். ரயில் தடம் அப்படிச் செய்யாது. நிலம் தாழ்ந்தால் கரை உயரும், நிலம் உயர்ந்தால் தடம் அதை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். கரையும் வெட்டும் மாறி மாறி வந்தும் உங்கள் கால் ஏற்ற இறக்கத்தை உணரவில்லை என்றால், நீங்கள் நிற்பது ரயில் தடமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். திடீர்த் திருப்பமும் இருக்காது. எந்த வளைவும் நீண்ட, சீரான வளைவுதான்.

மூன்றாவது சிறுபாலங்கள். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் சின்னப் பள்ளத்தில்கூட ரயில்காரர்கள் ஒரு திறப்பு வைத்தே தீர்வார்கள். இல்லையென்றால் ஒரே மழையில் கரை உடைந்துவிடும். செதுக்கிய கருங்கல்லில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய இரண்டு பக்கச் சுவர்கள் எதிரெதிரே நின்று, மேலே எதுவுமே இல்லை என்றால் நின்று பாருங்கள். இரும்பு உத்தரம் போயிருக்கும், கல் மட்டும் நிற்கும்.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்றும் சேர வேண்டும். வரைபடமும் ஒத்துப்போக வேண்டும்.

எந்த வரைபடத்தைப் பார்ப்பது?

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள். பழைய எண்முறையில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகள் 57 எச் தொகுதியில் வரும். தருமபுரி, மொரப்பூர், கிருஷ்ணகிரி, பர்கூர் எல்லாம் 57 எல். 1941க்கு முன் அச்சான தாள் கிடைத்தால் அதைத் தேடுங்கள், ரயில் பாதை அதில் கோடாகவே இருக்கும். பிந்தைய தாள்களிலும் பயன் உண்டு. உயரக்கோடுகளைத் தொடர்ந்து ஓடும், காரணமில்லாமல் வளைகிற பாதையையும் கரைக் குறியீடுகளையும் அவற்றில் தேடலாம்.

அடுத்து செயற்கைக்கோள் படம். மண் தடம் இருந்த இடத்தில் வயல் வரப்புகள் மற்ற வரப்புகளோடு ஒத்துப்போகாமல் ஒரு நீண்ட வளைவை மதித்து நிற்கும். கோடைக்காலப் படத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். 1918இல் வெளியான சேலம் மாவட்ட கெஜட்டியரும், அதாவது அரசின் மாவட்ட விவர நூலும், கையில் இருக்கட்டும். அன்று இந்த இரண்டு மாவட்டங்களும் சேலத்துக்குள்தான் இருந்தன. தருமபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்கள் ஆயின. பழைய ஆவணம் தேடுகிறவர்கள் தருமபுரி என்ற தலைப்பில் தேடி வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுதான் காரணம்.

கிராம வரைபடத்தில் ரயில்வே பெயரில் நிற்கும் நீளமான புல எண்களும் உதவும்.

பழைய ரயில் கரையில் நடக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அந்த நிலம் இப்போது யாருடையதோ அவரிடம். தடம் போன வழியில் இன்று சாலை இருக்கிறது, வயல் இருக்கிறது, வீடும் இருக்கிறது. பொதுச் சாலையாக இருந்தால் சிக்கல் இல்லை. பட்டா நிலமாக இருந்தால், வேலியில்லாவிட்டாலும் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. கேமராவைக் கையில் பிடித்தபடி போகாதீர்கள், நில அளவைக்கு வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். மொரப்பூர்–தருமபுரி பக்கத்தில் இந்த அச்சம் நியாயமானது. புதிய பாதைக்கு நிலம் எடுக்கும் பேச்சு நீண்ட நாளாக நடக்கிறது. முதலில் நீங்கள் எந்த ஊர் என்று சொல்லுங்கள். “ஐயா, அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சின்ன ரயில் ஓடியதாமே, கரை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே கூட வந்து காட்டுவார். வேண்டாம் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டுச் சாலை வழியாகச் சுற்றிப் போங்கள்.

கேழ்வரகோ சாமையோ நெல்லோ விளைந்து நிற்கும்போது வரப்பில்கூட நடக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதையின் ஓரமாக நடந்து போகலாமா?

கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி ரயில்வே எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் இருக்கட்டும், மலை வெட்டுக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. தொப்பூர்ப் பக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

மொரப்பூர்–தருமபுரி மீண்டும் வருகிறது என்கிறார்களே?

36 கிலோமீட்டர் புதிய அகலப்பாதைத் திட்டம் அது. 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த மக்கள் பல தலைமுறையாகக் கேட்ட பாதை, வர வேண்டும். வேலை நடக்கும்போது பழைய கரைகளும் கல் பாலங்களும் சில இடங்களில் அழியும். அதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அழிவதற்கு முன்பு படமும் அளவும் இடக்குறிப்பும் எடுத்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பாலத்தின் இரு சுவர்களுக்கு இடையே உள்ள தூரம், சுவரின் உயரம், எந்த ஊருக்கு எந்தத் திசையில், இவ்வளவு போதும். ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடக்கூடிய வேலை இது.

சரி, காட்டுப் பாதைக்கு வருவோம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேலகிரி மலையில் எங்கள் விருப்பப்படி நடக்கலாமா?

முடியாது. நம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடு. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி அனுமதியின்றி அதற்குள் நுழைவது குற்றம். அதற்கும் மேலே, 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். யார் உள்ளே போகலாம் என்பதை அது இன்னும் கடுமையாக வரையறுக்கிறது.

இதைக் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் குரங்கணியை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்ற பிரிவுகள், இணையத்தில் பதிவு, கூட வர உள்ளூர் வழிகாட்டி. கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வழிகாட்டிகளாக வருகிறவர்கள் அந்தக் காட்டு ஓரத்துப் பிள்ளைகள்.

நம் பக்கத்தில் எந்தத் தடங்கள் அதில் இருக்கின்றன?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும் அய்யூர்–சாமி ஏரித் தடமும். இரண்டும் தேன்கனிக்கோட்டைப் பக்கம். சாமி ஏரி புதியவர்களுக்கு, குத்திராயன் நன்றாக நடந்து பழகியவர்களுக்கு. போகும் முன் அப்போதைக்குத் திறந்திருக்கிறதா என்று பதிவுப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கோடையில் தீ அபாயக் காலம் முழுவதும் மூடி வைப்பார்கள்.

பதிவு எதுவும் இல்லாமல் மலைக்காற்றை அனுபவிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. மக்கள் வாழும் மலைகளுக்குச் சாலை வழியாகப் போகலாம். தருமபுரிக்கு அருகே வத்தல்மலை, அரூர்ப் பக்கம் சித்தேரி. இரண்டிலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பகலில் சாலையோரமாக நடங்கள், கடையில் தேநீர் குடியுங்கள், ஊர்க்காரர்களோடு பேசுங்கள். சாலையை விட்டு இறங்கினால் மட்டும் மீண்டும் காப்புக்காட்டுச் சட்டம். தீர்த்தமலையில் தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்குப் படி ஏறுவது பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போக ஏற்றது. தேன்கனிக்கோட்டை வட்டத்தின் பெட்டமுகிலாளம், கொடகரைப் பக்கம் போவதாக இருந்தால் முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அது யானைகளின் ஊர்.

காட்டுக்குள் தெளிவான ஒற்றையடிப் பாதை தெரிகிறது. ஊர்க்காரர்கள் போகிறார்களே, நாங்கள் போனால் என்ன?

மாடு மேய்ப்பவரும் தேன் எடுப்பவரும் அந்தப் பாதையில் போவதற்கு வாழ்க்கை சார்ந்த காரணமும் சில இடங்களில் சட்டப்படியான உரிமையும் இருக்கின்றன. எந்தப் பாறைக்குப் பின்னால் எது படுத்திருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, அகலமாக, சீராக, உன்னிச்செடி மிதிபட்டுத் தெளிவாகத் தெரியும் தடம் பல இடங்களில் மனிதர் போட்டதே அல்ல. யானை போட்டது. நீருக்குப் போகும் வழியை யானைக் கூட்டம் தலைமுறை தலைமுறையாக மிதித்து வைத்திருக்கும். அதில் எதிரே வருவது யாராக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யானை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.

கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தின் பின்பகுதியில் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இந்தப் பக்கம் வருகின்றன. கேழ்வரகு முற்றும் காலம் அது. ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் இடையே சானமாவு காப்புக்காட்டில் தங்குவதும் உண்டு. பழைய ரயில் தடத்தைத் தேடி நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பகுதியில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் நடக்காதீர்கள். ஊருக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியே “இங்கே யானை நடமாட்டம் இருக்கிறதா?” என்பதாக இருக்கட்டும்.

ஈரம் காயாத சாணம், புதிதாக முறிந்த கிளை, உரிந்த மரப்பட்டை, காற்றில் கனத்த வாடை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். யானையையே பார்த்துவிட்டால் பேசாமல், காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி வீசாத பக்கமாகப் பின்வாங்குங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். பட்டாசு, கல், கூச்சல் எதுவும் வேண்டாம்.

யானையைத் தவிர வேறு என்ன ஆபத்து?

கிணறு. நம் மாவட்டங்களில் வயலின் நடுவே கைப்பிடிச்சுவர் இல்லாத ஆழமான கிணறுகள் ஏராளம். புதர் மூடிய கரையிலிருந்து வயலில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் பார்த்து வையுங்கள்.

அடுத்து மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் உள்ள ஊர் அது. யானையைக் கொல்லும் கம்பி மனிதரையும் கொல்லும். தரையை ஒட்டி இழுத்துக் கட்டிய எந்தக் கம்பியையும் தாண்டாதீர்கள்.

பழைய பாலச் சுவர்களின் இடுக்குகளில் பாம்பு இருக்கும். கல்லுக்குள் கை விடக் கூடாது. கண்ணாடி விரியன், கட்டுவிரியன், நல்லபாம்பு, சுருட்டை விரியன் நான்கும் இந்த நிலத்தில் உண்டு. கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாறை முகட்டில் மலைத்தேனீ கூடு தெரிந்தால் வாசனைத் திரவியமோ புகையோ சத்தமோ இல்லாமல் விலகிவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ரயில் கரைகளுக்குத் தை, மாசி. அறுவடை முடிந்திருக்கும், புல் காய்ந்து கரையின் வடிவம் தெளிவாகத் தெரியும், வெயிலும் தாங்கும். சித்திரை வெயிலில் தருமபுரிக் கரடுகளில் நடப்பது வீண் வதை.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்கால் மூடிய காலணி, முழுக்கால்சட்டை, அச்சிட்ட வரைபடம், அளவு நாடா. பிளாஸ்டிக் உறை எதுவும் அங்கே தங்கக் கூடாது.

வழியில் நடுகல்லோ கல்திட்டையோ கண்ணில் பட்டால்?

படும். வீரனுக்குக் கல் நட்ட மண் இது. மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் குன்றின் மேல் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் பார்த்த கல்லைத் தேய்க்காதீர்கள், மாவு பூசி எழுத்தைத் தெளிவாக்க முயலாதீர்கள், நிமிர்த்தி வைக்காதீர்கள். சாய்ந்த வெயிலில் படம் எடுத்து மாவட்ட அருங்காட்சியகத்துக்கு இடத்தோடு தெரிவியுங்கள். பல நடுகற்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு அருகே போங்கள்.

முதல் முறை நடக்க எங்கே தொடங்கலாம்?

மொரப்பூர் ரயில் நிலையத்தில். சேலத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கலாம். காப்புக்காட்டு அனுமதி தேவைப்படாத ஊர்ப்புறம் அது. பழைய தாளில் குறுகிய பாதை நிலையத்தை விட்டு எந்தப் பக்கம் பிரிகிறது என்று முதல் நாள் இரவே பார்த்து, இன்றைய படத்தின் மேல் பென்சிலால் வரைந்து வையுங்கள். காலையில் தருமபுரிச் சாலை வழியாக மேற்கே நடந்து, கோடு சாலையைச் சந்திக்கும் இடங்களில் மட்டும் நின்று இரு பக்கமும் பாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் போதும். வெயில் ஏறியதும் தருமபுரி பஸ் ஏறிவிடலாம். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.